காயில் கட்டுற வீட்டுப் பிள்ளை: ஈஈஈ எடுக்கட்டுமா, ஏஐ எடுக்கட்டுமா? சாய்ஸ் ஃபில்லிங் முடிய நாலு நாள்தான் இருக்கு

கரிசல்காட்டான் | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் மகளுக்காக எழுதுறேன். இன்ஜினியரிங் சேர எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவுன்னு வரிசையா லிஸ்ட் போடணும், அதான் சாய்ஸ் ஃபில்லிங். ஊர் கோவில்பட்டி பக்கம். கணக்கு 94, பிசிக்ஸ் 91, கெமிஸ்ட்ரி 88, கட்-ஆஃப் 183.5. ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளிதான், அதனால 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. வீட்டுல முதல் பட்டதாரி.

அண்ணன் மோட்டார் ரீவைண்டிங் கடை, அதாவது எரிஞ்ச மோட்டாருக்குப் புதுசா காயில் (செம்புக் கம்பிச் சுத்து) கட்டுற கடை வச்சிருக்கார். பிள்ளை ஒன்பதாவது படிக்கும்போதே லீவு நாள்ல கடைக்கு வந்துரும். எரிஞ்ச மோட்டார் வந்தா பழைய காயிலை வெட்டி எடுத்து, ஒரு காயிலுக்கு எத்தனை சுத்துன்னு எண்ணி நோட்டுல எழுதி வைக்கிறது அது வேலை. எத்தனை ஹெச்பி, எத்தனை ஸ்லாட், வயர் என்ன கேஜ், எத்தனை சுத்து, காயில்களை இணைச்ச விதம் ஸ்டாரா டெல்டாவா எல்லாம் அதோட கையெழுத்துலதான் இருக்கு. இதுவரைக்கும் மூணு நோட்டு முடிஞ்சிருக்கு. அண்ணனே சந்தேகம்னா அந்த நோட்டைத்தான் புரட்டுவார்.

பிள்ளைக்கு ஈஈஈ, அதாவது மின்னியல் படிக்கணும். அண்ணன் ஒத்துக்க மாட்டேங்கார். "நான் வார்னிஷ் நாத்தத்துல கெடந்தது போதும், நீயாவது ஏசி ரூம்ல உக்காரு"ங்கார். சொந்தக்காரங்க எல்லாரும் ஏஐ-டிஎஸ் (செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ்) போடச் சொல்றாங்க, இல்லேன்னா சிஎஸ் (கம்ப்யூட்டர் சயின்ஸ்). ஈஈஈ படிச்சவன் எல்லாம் கடைசியில ஐடிக்குத்தானே போறான், அதை நேராப் படிச்சா என்னன்னு கேக்காங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. நான் டிப்ளமோ சிவில். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிட்டும்_பைட்டும் | திங்கள், இரவு 10.15

அண்ணா, நான் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) முடிச்சு சிறுசேரியில சாஃப்ட்வேர் வேலையில இருக்கேன், ஆறு வருஷம் ஆச்சு. உங்க சொந்தக்காரங்க சொல்றதுல பாதி உண்மை. ஐடி கம்பெனிங்க ரொம்ப நாளா எந்தப் பிரிவுன்னு பார்க்காமத்தான் எடுத்தாங்க, எங்க பேட்ச்ல மெக், சிவில் எல்லாம் இருந்தாங்க. ஆனா ஆள் எடுக்கறது குறையற வருஷத்துல முதல்ல கதவை மூடறது மத்த பிரிவுகளுக்குத்தான். "சிஎஸ், ஐடி மட்டும்"னு போட்டுடுவாங்க. எனக்கு அப்படி ரெண்டு கம்பெனி போச்சு. ஹால் வாசல்ல நின்னு திரும்பி வந்தேன்.

அதனால கோடிங்தான் செய்யப்போறான்னா நேரா சிஎஸ் எடுக்கறதுதான் நல்லது. டேட்டா ஸ்ட்ரக்சர், ஓஎஸ், நெட்வொர்க் எல்லாம் நான் வேலைக்கு வந்த பிறகு ராத்திரி உக்காந்து படிச்சேன். அந்தக் கஷ்டம் அவளுக்கு வேண்டாம்.

ஆனா அவ கோடிங் கேக்கலையே! அதையும் பாருங்க.

மின்கம்பி | செவ்வாய், காலை 6.05

கரிசல்காட்டான் தம்பிக்கு,

மின்வாரியத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் துணைமின் நிலையங்களில். உங்கள் அண்ணன் நினைக்கும் ஈஈஈ அவர் கடையோடு நின்றுவிடுகிறது, அதுதான் சிக்கல். அவர் மேல் தப்பில்லை, அவர் பார்த்தது அவ்வளவுதான்.

உங்கள் ஊரிலிருந்து கயத்தாறு எவ்வளவு தூரம்? அங்கே காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசு நிலையமே இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லிருந்து ஓடுகிறது. காற்றிலும் வெயிலிலும் வரும் மின்சாரம் நாம் கேட்கும் நேரத்தில் வருவதில்லை, வரும் அளவும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதை இன்வெர்ட்டர் வழியாகக் கம்பியில் ஏற்றி, வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் கெடாமல் பார்த்துக்கொள்வது சின்ன வேலை இல்லை. நான் சேர்ந்த காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. இனி வரும் பிள்ளைகளின் வேலை அதில்தான். மின்சார வண்டியும் அப்படித்தான். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை திறந்தார்கள். அந்த வண்டிக்குள் இருப்பதும் மோட்டாரும் அதை ஓட்டும் பவர் எலக்ட்ரானிக்ஸும்தானே.

பவர் கிரிட், என்டிபிசி போன்ற மத்திய அரசு மின் நிறுவனங்கள் கேட் (பொறியியல் படித்தவர்கள் எழுதும் தேசியத் தேர்வு) மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும்போது எந்தப் பேப்பர் எழுதினீர்கள் என்று பார்ப்பார்கள். அங்கே ஈஈஈ-க்கு என்று தனி இடம் உண்டு.

அந்தப் பெண்ணிடம் நான் ஒன்று கேட்டதாகச் சொல்லுங்கள். மூன்று நோட்டு எழுதியிருக்கிறாளே, அதில் அவளுக்கு இன்னும் புரியாதது ஏதாவது இருக்கிறதா?

ஒரகடம்_பி_ஷிஃப்ட் | செவ்வாய், காலை 8.30

பெரியவர் மேல மரியாதை இருக்கு. ஆனா கோர் கோர்னு, அதாவது ஐடிக்குப் போகாம படிச்ச பிரிவு வேலைக்கே போன்னு சொல்றவங்க சம்பளத்தைச் சொல்றதே இல்ல. நான் மெக்கானிக்கல், முதல் வகுப்பு. ஒரகடம் பக்கம் உதிரிபாகம் செய்யற ஒரு கம்பெனியில டிரெய்னியா சேர்ந்தேன். மாசம் 14 ஆயிரம். கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடிச்சது போக ரூம் வாடகை குடுத்தா வீட்டுக்கு அனுப்ப ஒண்ணும் மிஞ்சாது. ஒன்றரை வருஷம் அப்படியே போச்சு. கூட ஐடிக்குப் போன பையன் அதுக்குள்ள தங்கச்சி கல்யாணக் கடனையே கட்டி முடிச்சுட்டான்.

இப்போ டிசைன் பக்கம் வந்துட்டேன், பேட்டரி பேக்குக்குக் கூலிங் பிளேட் வரையறேன். நல்லா இருக்கேன், வேலையும் பிடிச்சிருக்கு. ஆனா அந்த ஒன்றரை வருஷத்தைத் தாங்க வீட்டுல தெம்பு இருக்கான்னு முதல்ல கேளுங்க. முதல் பட்டதாரி வீட்டுல மூணாவது வருஷத்துல இருந்தே "எப்போ வேலைக்குப் போவ"ன்னு ஆரம்பிச்சுடும். எங்க வீட்டுல ஆரம்பிச்சது.

சாக்பீஸ் | செவ்வாய், மதியம் 1.10

நான் தனியார் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். மாணவர் சேர்க்கை மேசையிலும் பல ஆண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரகடம் தம்பி சொன்ன சம்பளக் கணக்கை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது நிஜம். நான் சொல்ல வருவது வேறு.

பெற்றோர் "கல்லூரி எது, பிரிவு எது" என்று இரண்டு கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கல்லூரியில் அந்தத் துறை எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாக் (NAAC) என்ற அமைப்பின் தரம் கல்லூரி முழுமைக்கும் கொடுப்பது. என்பிஏ (NBA) என்ற அமைப்பின் அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. ஒரே வளாகத்தில் ஈஈஈ-க்கு என்பிஏ இருக்கும், பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் பிரிவுக்கு இருக்காது. புதிதாகத் தொடங்கிய பிரிவென்றால் இரண்டு பேட்ச் படித்து வெளியே போன பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். ஏஐ-டிஎஸ் மோசம் என்று நான் சொல்லவில்லை. "இதுவரை எத்தனை பேட்ச் வெளியே போயிருக்கிறது, அவர்கள் எங்கே இருக்கிறார்கள்" என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

2024-ல், பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் ஏஐசிடிஇ ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பைத் தளர்த்திய பிறகு பல இடங்களில் கணினி சார்ந்த இடங்கள் வேகமாகக் கூடின. இடத்தைக் காகிதத்தில் ஒரே நாளில் கூட்டிவிடலாம். பாடம் நடத்த ஆள் அப்படி வருவதில்லை. நான் முன்பு இருந்த கல்லூரியில் என் கூட வேலை பார்த்த ஒரு மெக்கானிக்கல் ஆசிரியரைக் கோடை விடுமுறையில் மெஷின் லேர்னிங் பயிற்சிக்கு அனுப்பி, ஜூலையில் அதே பாடத்தை நடத்தச் சொன்னார்கள். நல்ல மனிதர். ராத்திரி படித்துக் காலையில் நடத்தினார். எதிரே 60 பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கல்லூரிக்கு நேரில் போங்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெஷின்ஸ் லேபில் மோட்டார் மேல் தூசி படிந்திருக்கிறதா, கனெக்‌ஷன் கொடுக்கும் வயர்களின் முனை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் பிள்ளைகள் தொடுகிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் பாடத்திட்டம். முதல் வருடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது பெரும்பாலும் எல்லாருக்கும் பொது. அண்ணா பல்கலையின் 2021 விதிமுறையில் எந்தப் பிரிவானாலும் முதல் செமஸ்டரில் பைத்தான் (கம்ப்யூட்டர் மொழி) இருந்தது. மூன்றாம் செமஸ்டரைத் திறந்து பாருங்கள். அதே விதிமுறையில் ஈஈஈ-க்கு அங்கே எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ், டிஜிட்டல் லாஜிக், எலக்ட்ரிகல் மெஷின்ஸ், கூடவே சி புரோகிராமிங்கும் டேட்டா ஸ்ட்ரக்சரும் இருந்தன. "ஈஈஈ எடுத்தால் கம்ப்யூட்டரே தெரியாது" என்பவர்களுக்கு இதைக் காட்டலாம். அந்தப் பக்கத்தைப் பெண்ணிடம் கொடுத்து, அவளே படிக்கட்டும்.

மூணாம்_வருஷம் | செவ்வாய், இரவு 8.50

வணக்கம். நான் ஏஐ-டிஎஸ் மூணாவது வருஷம் படிக்கிறேன். எனக்கு இந்தப் பிரிவு ரொம்பப் பிடிச்சிருக்கு, அதனால அந்தப் பக்கமும் யாராவது சொல்லணும்னு எழுதுறேன்.

இது முழுக்க முழுக்கக் கணக்கு அண்ணா. மேட்ரிக்ஸ், ப்ராபபிலிட்டி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ். எங்க கிளாஸ்ல நிறைய பேர் சாட்ஜிபிடி மாதிரி ஏதோ செய்யப்போறோம்னு நினைச்சு சேர்ந்தாங்க. முதல்ல வந்தது குப்பையா கிடக்கிற டேட்டாவைச் சுத்தம் பண்ற வேலை. ஒரு எக்செல் ஃபைல்ல ஊர்ப் பேர் ஏழு விதமா எழுதியிருக்கும், அதை ஒண்ணாக்கவே ரெண்டு நாள் ஆகும். அதுல சலிப்பு வராதவங்களுக்கு இது நல்ல படிப்பு. 2024-ல இருந்து கேட்ல டேட்டா சயின்ஸ் - ஏஐக்குன்னு தனிப் பேப்பரே வந்துடுச்சு, மேல படிக்கவும் வழி இருக்கு.

தங்கச்சிக்குக் கணக்குல 94 இருக்கு, இதையும் படிப்பா. ஆனா மூணு நோட்டு எழுதினது யாரும் சொல்லி இல்லையே. எனக்கு அந்த மாதிரி பைத்தியம் கோடிங்ல இருந்தது, அதான் இங்க வந்தேன்.

கரிசல்காட்டான் | செவ்வாய், இரவு 10.20

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாக்பீஸ் சார் சொன்னதை அண்ணனுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லலை, ஆனா எந்திரிச்சும் போகலை. ஒரகடம் தம்பி சொன்னதுக்கு மட்டும் தலையை ஆட்டினார்.

இன்னொரு சந்தேகம். 7.5-ல கிடைச்சா கல்விக் கட்டணம், விடுதி எல்லாம் அரசே கட்டும்ங்கதால ஃபீஸ் கவலை இல்லை. லிஸ்ட்ல எதை மேல போடறதுன்னுதான் தெரியலை. பெரிய கல்லூரியை மேல போட்டா கிடைக்காமப் போய், கிடைக்க வேண்டியதும் போயிருமோன்னு பயமா இருக்கு. பிரவுசிங் சென்டர்ல "உங்க மார்க்குக்கு வர்றதை மட்டும் மேல போடுங்க"ன்னாங்க.

ரேண்டம்_நம்பர் | செவ்வாய், இரவு 11.00

அண்ணாச்சி, அப்படிப் போட்றாதீங்க! எங்க தெருப் பிள்ளைகளுக்கு நாலு வருஷமா நான்தான் லிஸ்ட் போட்டுக் குடுக்கேன். பிரவுசிங் சென்டர்ல சொல்ற இந்த ஒரு வார்த்தையாலதான் நிறைய பிள்ளைக ஏமாறுது.

சீட் ரேங்க் படி ஒதுக்குவாங்க. உங்க பிள்ளை முறை வரும்போது கம்ப்யூட்டர் அதோட லிஸ்ட்டை ஒண்ணாம் நம்பர்ல இருந்து கீழ பார்க்கும். ஒண்ணாவதுல இடம் இல்லையா, ரெண்டாவது. அங்கயும் இல்லையா, மூணாவது. இடம் இருக்கிற முதல் வரியில நிக்கும். கிடைக்காத ஒண்ணை மேல போட்டதால கீழ கிடைக்க வேண்டியது போகவே போகாது. அதனால கிடைக்குமான்னு பார்க்காதீங்க, எது வேணும்ங்கதை வச்சு வரிசைப்படுத்துங்க. எத்தனை வரி வேணாலும் போடலாம், பத்தோட நிறுத்திராதீங்க. போன வருஷக் கட்-ஆஃபை லிஸ்ட்டோட வாலை முடிவு பண்ண மட்டும் பாருங்க, அதாவது நிச்சயம் கிடைக்கும்னு தோணுறது அஞ்சாறு கீழ இருக்கணும்.

இன்னொண்ணு. அலாட்மென்ட் வந்ததும் "ஏத்துக்கிறேன், மேல கிடைச்சா மாறிக்கிறேன்"னு ஒரு ஆப்ஷன் வரும். அதைக் குடுத்து மேல ஒண்ணு கிடைச்சிருச்சுன்னா, கையில இருந்த சீட் போயிரும். திரும்பக் கேட்க முடியாது. ஒரு பையன் ஈசிஇ கையில வச்சுக்கிட்டு, எதுக்கோ மேல போட்டிருந்த கல்லூரிக்கு இழுத்துட்டுப் போய் அழுதுக்கிட்டு நின்னான். மனசுக்குப் பிடிக்காத எதையும், பேருக்காகக் கூட, பிடிச்சதுக்கு மேல வைக்காதீங்க.

லிஸ்ட் போட்டு முடிச்சதும் காகிதத்துல எழுதி, பிள்ளையை விட்டு சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு கல்லூரிக்கும் இருக்கிற கோட் நம்பர்ல ஒரு எண் மாறினாலும் ஊரே மாறிரும்.

கரிசல்காட்டான் | புதன், மாலை 6.45

பிள்ளையே எழுதுதாம். அது சொன்னதை அப்படியே கீழ போடுறேன்.

"மின்கம்பி தாத்தாவுக்கு வணக்கம். நீங்க கேட்டது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. புரியாதது நிறைய இருக்கு. ரெண்டு சொல்றேன்.

ஒண்ணு, ரோட்டர்ல (மோட்டாருக்குள்ள சுத்துற பாகம்) நாங்க எந்த வயரையும் இணைக்கிறது இல்ல. அலுமினியக் கம்பிதான் இருக்கு. பிறகு எப்படிச் சுத்துதுன்னு சின்னதுல அப்பாட்ட கேட்டேன். 'ஸ்டேட்டர் (சுத்தாம நிக்கிற காயில் பாகம்) இழுக்கும்'னாங்க. பன்னெண்டாவது பிசிக்ஸ் நாலாவது பாடம் நடத்தும்போதுதான் அதுக்குள்ளயும் கரண்ட் தூண்டப்படுதுன்னு தெரிஞ்சது. அன்னைக்கு சாயங்காலம் கடைக்கு ஓடிப் போய் ரோட்டரைக் கையில தூக்கிப் பார்த்தேன்.

ரெண்டாவது இன்னும் தெரியாது. மூணு ஃபேஸ் கரண்ட்ல ஒரு ஃபேஸ் போய் ரெண்டு ஃபேஸ்ல ஓடி எரிஞ்ச மோட்டார் வந்தா, ஸ்டார் கனெக்‌ஷன்ல ரெண்டு ஃபேஸ் காயில் கருகியிருக்கும், ஒண்ணு புதுசு மாதிரி இருக்கும். டெல்டாவா இருந்தா ஒண்ணு மட்டும் கருகும், மத்த ரெண்டும் நல்லா இருக்கும். என் நோட்டுல அப்படி நிறைய இருக்கு. அப்பா பார்த்ததும் சொல்லிருவாங்க, ஆனா ஏன்னு கேட்டா தெரியாது. எனக்கு அது தெரியணும்.

இன்னொரு கேள்வி அக்காமாருக்கு. ஈஈஈ கோர்ல பொம்பளப் பிள்ளைகளை எடுக்க மாட்டாங்க, எடுத்தாலும் ஆபீஸ்ல உக்கார வச்சிருவாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?"

ரிலே_ரூம் | புதன், இரவு 9.30

தங்கச்சி, நான் ஈஈஈ. துணைமின் நிலையங்கள்ல ரிலே (கோளாறு வந்தா கண்டுபிடிச்சு கரண்டை நிறுத்த வைக்கிற கருவி) டெஸ்டிங் பண்றேன், ஒன்பது வருஷம் ஆகுது.

நிஜமாவே சொல்றேன், அந்தப் பேச்சு இன்னும் இருக்கு. என் முதல் இன்டர்வியூவுல "சைட்டுக்குப் போவியா, கல்யாணம் ஆனா என்ன பண்ணுவ"ன்னு கேட்டாங்க. பக்கத்துல இருந்த பையனைக் கேக்கலை. அந்த வேலை கிடைக்கலை. அடுத்து சேர்ந்த இடத்துல ஆறு மாசம் டிராயிங் செக் பண்ண மட்டும் விட்டாங்க. ஒரு நாள் சைட் ஆள் வராததால என்னை அனுப்பினாங்க, அதுக்கப்புறம் யாரும் நிறுத்தலை.

சில சைட்ல இன்னும் பாத்ரூம் கிடையாது. காலையில தண்ணி குடிக்காம போன நாள் எல்லாம் உண்டு. இதை உங்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு எழுதுறேன். இப்போ நான் போற டீம்ல வேலை எடுக்கும்போதே அதைக் கேட்டுடறோம்.

வேலையைப் பத்தி சொல்றேன். 110 கேவி யார்டுல காலையில கேட்டைத் திறந்து உள்ள போனா தேனீக்கூடு மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். ரிலே பேனல் முன்னாடி டெஸ்ட் கிட்டை வச்சு, ஃபால்ட் வந்தா எவ்வளவு கரண்ட் பாயுமோ அந்த அளவைப் பொய்யா ஊட்டுவோம். சரியான நேரத்துல ரிலே பேசணும், வெளியில பிரேக்கர் (கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) 'டங்'குன்னு திறக்கணும். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு இன்னும் சிரிப்பு வந்துடும்.

கிண்டியில 1943-ல மின்னியல் முடிச்ச ஏ. லலிதாவைப் பத்தித் தேடிப் படி. பதினெட்டு வயசுல கணவர் இறந்துட்டார், கையில நாலு மாசக் குழந்தை. அதுக்கப்புறம்தான் இன்ஜினியரிங் சேர்ந்தாங்க. அவங்க அப்பா அதே கல்லூரியில மின்னியல் பேராசிரியர், அவர்தான் மகளுக்காக நின்னார். பின்னாடி கல்கத்தாவுல வேலை பார்த்து பக்ரா நங்கல் அணையோட மின் வேலைகள்ல பங்கெடுத்தாங்க. உங்க அப்பா இதை வாசிச்சார்னா, அந்தப் பேராசிரியரைப் பத்தின வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லு.

மின்கம்பி | வியாழன், காலை 5.50

கண்ணு, உன் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். துணைமின் நிலையத்தில் எத்தனையோ பயிற்சிப் பொறியாளர்களைப் பார்த்திருக்கிறேன். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பதிலை நான் சொல்ல மாட்டேன், உன்னால் முடியும். காகிதத்தில் ஸ்டாரையும் டெல்டாவையும் வரை. மூன்று லைனில் ஒன்றை அழித்துவிடு. மீதி இருக்கும் கம்பியில் விரலை வைத்து கரண்ட் எந்த வழியாகப் போகும் என்று நடந்து பார்.

கரிசல்காட்டான் | வெள்ளி, இரவு 8.15

லிஸ்ட்டை லாக் பண்ணியாச்சு. மொத்தம் 46 வரி. முதல் 19-ம் ஈஈஈ. அதுக்குக் கீழ ஈசிஇ, பிறகு சிஎஸ். நேத்து பக்கத்துல ஒரு கல்லூரிக்கு அண்ணனும் கூட வந்தார். லேப்ல அவரே குனிஞ்சு வயர் முனையைத் தொட்டுப் பார்த்தார். அங்க இருந்த டெமான்ஸ்ட்ரேட்டர்ட்ட ஒரு மோட்டாரைக் காட்டி "இது சரியா வார்னிஷ் இறங்கலை"ன்னு சொல்ல, ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க. வர்ற வழியில பஸ்ல "ஈஈஈயே போடட்டும்"னார். வேற ஒண்ணும் சொல்லலை.

ஒரகடம் தம்பிக்கு: படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷம் பிள்ளைட்ட காசு எதிர்பார்க்க மாட்டோம்னு நானும் அண்ணனும் பேசி வச்சிருக்கோம்.

பிள்ளை மின்கம்பி ஐயாவுக்கு எழுதச் சொன்னது: "ஸ்டார்ல ஒரு லைன் போனா, மீதி ரெண்டு காயிலும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வந்துருது தாத்தா. ஒரே கரண்ட் ரெண்டுலயும் போகுது, அதான் ரெண்டும் கருகுது. மூணாவதுக்குக் கரண்டே இல்ல. டெல்டாவுல ஒரு காயில் நேரா ரெண்டு லைனுக்கு நடுவுல மாட்டிக்கிடுது, முழு வோல்டேஜும் அதுக்கு. மத்த ரெண்டும் சேர்ந்து அதே வோல்டேஜைப் பங்கு போட்டுக்கிடுது, அதனால தப்பிச்சிருது. சரியா?"

மின்கம்பி | வெள்ளி, இரவு 8.40

சரி கண்ணு. நூற்றுக்கு நூறு. இதை அப்பாவுக்கும் வரைந்து காட்டு.

சாக்பீஸ் | வெள்ளி, இரவு 9.05

அலாட்மென்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள். டிராஃப்டர் (இன்ஜினியரிங் படம் வரையும் கருவி) புதிதாக வாங்க வேண்டாம், சீனியர் யாரிடமாவது கேட்டால் கிடைக்கும். அந்த மூன்று நோட்டையும் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். மெஷின்ஸ் பாடம் வரும்போது தேவைப்படும்.